கன்னத்தில் சூடு படுகிற இடம்

என் மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. நாங்கள் நலமாக இல்லை. உன் அம்மா உள்ளே கூறைச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுப்பதும், விரித்துப் பார்ப்பதும், திரும்ப மடித்து வைப்பதுமாக இருக்கிறாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் பின்வளவுக்கு வந்து, கிணற்றுக்கட்டில் ஒரு பலகையைப் போட்டு இதை எழுதுகிறேன். தபாலில் போட்டால் வழியில் யார் யார் பிரித்துப் படிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே கொழும்புக்குச் சரக்கு எடுக்கப் போகும் ஏறாவூர்ப் புடவைக்கடை நானாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். "தம்பிட கையிலதான் குடுப்பன், வேற ஆருக்கும் குடுக்க மாட்டன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படி.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் நீ வசந்திக்குத் தாலி கட்டி, நம் ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிபோய்விடுவாய். கனகம் மாமியின் வீடு இனி உன் வீடு. அந்த வீட்டு முன்கூடத்தில் யோகனின் படம் தொங்குகிறது. வசந்தியின் அண்ணன், உனக்கு மச்சான், பல்கலைக்கழகத்தில் என்னிடம் தொழில் பழகிய பிள்ளை. ஏழு வருடத்துக்கு முன் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள், இன்றுவரை திரும்பி வரவில்லை. அவன் எப்படிப் பிடிபட்டான் என்று உனக்கு நான் சொன்னது முழு உண்மை இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீ அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. தெரிந்த பிறகு நீ அவளைக் கட்டுவாயா, அவர்கள் உன்னை ஏற்றுக்கொள்வார்களா, நீ என்னை அப்பா என்று கூப்பிடுவாயா, ஒன்றும் எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது, மகன். இந்த வயதில் இப்படிப் பயப்படுவேன் என்று நான் நினைத்ததில்லை.

நான் லைற்காரன் ஆனதே தற்செயல் என்று உனக்குத் தெரியும். மின்விசிறி திருத்தவும் பல்ப் மாற்றவும் பல்கலைக்கழகத்தில் எடுத்த ஆள் நான். நாடகம் படிப்பிக்கிற விரிவுரையாளர் ஒருநாள் வந்து, "மேடையில ஒரு தாய் அழுகிற காட்சி இரிக்கு. வெளிச்சம் மெல்ல மெல்லக் குறையோணும். ஏலுமா?" என்று கேட்டார். ஏலாது என்று சொல்லியிருந்தால் நான் இன்றைக்கும் மின்விசிறி திருத்திக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வாய்க்கொழுப்பு, ஏலும் என்றேன். அதற்கான கருவி கொழும்பில்தான் கிடைக்கும். ஒரு சோடி பற்றரி கொண்டுவருவதற்கே சோதனைச் சாவடியில் நூறு கேள்வி கேட்ட காலம் அது. கடைசியில் ஊறுகாய்ச் சாடிகளை வாங்கி, வாவித் தண்ணீரை நிரப்பி, ஒரு ஈயத் தகட்டை அடியிலும் இன்னொன்றைக் கயிற்றில் மேலேயும் வைத்து, மின்சாரத்தை அந்தத் தண்ணீர் வழியாக விட்டேன். மேல் தகட்டை இறக்கினால் வெளிச்சம் கூடும், தூக்கினால் குறையும். உப்பு செய்கிற வேலை. கோடையில் வாவித் தண்ணீர் தானாகவே கரிக்கும். மாரியில் வெள்ளம் இறங்கி உப்புக் குறைந்துவிடும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து இன்னும் எத்தனை பிடி உப்புப் போட வேண்டும் என்று சொல்வேன். உன் அம்மாவின் கறியில் நான் இருபது வருடம் கண்டுபிடித்த குற்றமெல்லாம் இந்த நாக்கால் வந்தது. அந்த வேலையை நீ வசந்தியிடம் தொடங்காதே. போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழும்பு.

ஊரடங்குச் சட்டம் என்பதால் நாடகமெல்லாம் பின்னேரம் மூன்று மணிக்குத்தான். வெளியே வெயில் கொளுத்தும். நாங்கள் யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, ஓட்டு இடுக்குகளில் துணி அடைத்து, இருட்டையே கையால் செய்ய வேண்டும். அந்தச் சாடிகளுக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். நான் விரிவுரையாளர் இல்லை, எனக்குப் பட்டம் இல்லை, புள்ளி போட மாட்டேன். அதனாலேயே என்னிடம் வந்தார்கள் போலிருக்கிறது. வயர் உரிக்கப் பழகினார்கள், ஏணி பிடிக்கப் பழகினார்கள், வீட்டில் நடந்த சாவைச் சொல்லி அழுதார்கள். நான் கத்துவேன், ஏசுவேன், பிறகு தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பேன். எல்லாருக்கும் நான் லைற் ஐயா. யோகனுக்கு மட்டும் மாமா.

யோகனைப் போல ஒரு மொக்கு நடிகனை நான் பார்த்ததில்லை. குரல் நல்ல குரல், மனப்பாடம் பிசகாது, ஆனால் எங்கே வெளிச்சம் விழுகிறதோ அதற்கு அரையடி தள்ளித்தான் நிற்பான். சபைக்கு அவன் தோள் தெரியும், காது தெரியும், முகம் தெரியாது. ஒருநாள் எனக்கு விசர் வந்து, "மூஞ்சி தெரியாம நடிக்கிறதுக்கு நீ வீட்ட போய்ப் படுக்கலாம்டா, போடா வெளியால!" என்று துரத்திவிட்டேன். அவன் போகவில்லை. கதவடியில் நின்றுகொண்டு, "மாமா, கண்ணுக்குள்ள லைற் அடிச்சா எனக்கு ஒண்ணும் தெரியுதில்ல. எங்க நிக்கிறதெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவன் கண்ணை ஒரு துவாயால் கட்டி மேடையில் நடக்கவிட்டேன். "கண்ணால தேடாத. கன்னத்தில சூடு படும். எங்க கூடச் சூடு படுதோ அங்க நில்லு. நிண்டா நாடியத் தூக்கு," என்றேன். மூன்று கிழமை அதே வேலை. முட்டினான், மோதினான், ஒரு சாடியை உடைத்தான். பிறகு பிடிபட்டுவிட்டது. கண்ணைக் கட்டி எந்த மூலையில் விட்டாலும் நடந்து வந்து, சரியாக வெளிச்சத்தின் நடுவில் நின்று, நாடியைத் தூக்கி முகத்தைக் காட்டுவான். அந்தப் பழக்கம் அவனை விட்டுப் போகவேயில்லை. பஸ் தரிப்பில் நிழல் கிடக்க வெயிலில் போய் நிற்பான். வசந்தி அப்போது பள்ளிப் பிள்ளை. "அம்மா, அண்ணன் ரோட்டிலயும் நடிக்கிறான்," என்று கூவிச் சிரிப்பாள். நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய்.

இன்னொன்றும் அவனுக்குப் பழக்கினேன். சாடிகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மேடையில் நிற்பவனோடு பேச முடியாது. ஆகவே கைதான் பாஷை. உள்ளங்கை விரிந்திருந்தால் வெளிச்சத்துக்கு வா. விரலை மடக்கி மூடினால் இருட்டுக்குப் போ. வேறொன்றும் இல்லை. எந்தக் காட்சியிலும் அவன் என் கையை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். மேடையில் அத்தனை வெளிச்சத்துக்குள் நின்றுகொண்டு என் கையை அவன் எப்படிக் கண்டான் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அந்தக் காலையை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பதினெட்டு வயது. ஊரைச் சுற்றி வளைத்து, ஆம்பிளைகள் எல்லாரும் பாடசாலை மைதானத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வந்தவர்கள் எந்த உடுப்பில் வந்தார்கள் என்று எழுதி இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவருக்கு ஆபத்தைத் தேடித்தர மாட்டேன். நீ கண்டாய், அது போதும். நீ எனக்கு முன்னால் வரிசையில் நின்றாய். யோகன் எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் தள்ளி நின்றான். வரிசை ஒரு வேனுக்கு முன்னால் போய், ஒவ்வொருவராக நின்று, நகர்ந்தது. வேனுக்குள், ஆளைக் காட்டிக் கொடுக்கிற தலையாட்டி இருந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. எங்கள் யன்னல்களுக்குக் கட்டுகிற அதே சாக்கு. அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை இழுத்து லொறியில் ஏற்றினார்கள். ஆட்டாவிட்டால் அங்கால் போய்க் குந்தச் சொன்னார்கள்.

எல்லாரும் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வெளிச்சத்தைப் பார்த்தேன். புத்தி வேறு வழியில் போகவில்லை. வேன் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றது. முன்னால் போய் நிற்பவன் முகத்தில் காலை வெயில் நேராக அடிக்கும், உள்ளே இருப்பவன் இருட்டில் இருந்து சாவகாசமாகப் பார்க்கலாம். எவன் அதை யோசித்தானோ அவன் தொழில் தெரிந்தவன். ஆனால் ஒன்றை அவன் கவனிக்கவில்லை. மைதான ஓரத்து வாகை மரத்தின் ஒரு கொப்பு, ஆள் நிற்கிற இடத்துக்கு வலப்பக்கம் ஒரு பாய் அகலத்துக்கு நிழல் போட்டிருந்தது. பின்னால் பாடசாலையின் வெள்ளைச் சுவர் வெயிலில் எரிந்தது. அந்த நிழலில் நிற்பவனின் முகம், பின்னால் அத்தனை வெள்ளை இருக்கும்போது, கறுத்துப் போய்விடும். நான் உன் முதுகுக்குப் பின்னால் வந்து சொன்னேன். "மனே, முன்னுக்குப் போனதும் வலப்பக்கம் ஒரு அடி வச்சு நில்லு. நிழல் மூஞ்சியில விழோணும். மறுகா கிறுகாம நேரா நட. திரும்பி என்னப் பாக்காத." நீ அப்படியே செய்தாய். தலையாட்டியின் தலை இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, கடைசியில் அசையாமல் நின்றது. நீ அங்கால் போய், வேனுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாய். திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் பிறகு நடந்ததை நீ காணவில்லை.

எனக்குப் பின்னால் யோகன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் சொல்லியிருக்கலாம். நடுவில் ஏழெட்டுப் பேர், காதோடு காதாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. கிழவன் என்று என்னை அதிகம் பார்க்காமல் அனுப்பினார்கள். உனக்கு இரண்டு வரிசை பின்னால், நீயும் வேனும் கண்ணில் படும்படி பக்கவாட்டில் குந்தினேன். அப்போது துப்பாக்கிக்காரன் ஒருவன் நிழல் விழுந்த இடத்தைப் பார்த்து மற்றவனிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று தெரியாது, மரத்தைப் பற்றியாகக்கூட இருக்கலாம். இன்னும் ஒருத்தன் அதே நிழலில் போய் நின்றால் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடித்தால் முதலில் நின்றவனைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நேரம்தான் யோகனின் முறை வந்தது.

அவன் முன்னுக்கு வந்தான். நிற்பதற்கு முன்னால், மேடையில் பார்ப்பதைப் போல, என் கையைப் பார்த்தான். என் கை முழங்காலில் கிடந்தது. உள்ளங்கை மேலே பார்த்து, விரிந்து கிடந்தது. நான் வேண்டுமென்று விரிக்கவில்லை, மகன். மனதுக்குள் சாமியைக் கும்பிட்டபடி குந்தியிருந்தேன், கை அப்படிக் கிடந்தது. ஆனால் அவன் பார்த்ததை நான் கண்டேன். என் கை அவனுக்கு என்ன சொல்கிறது என்பதும் எனக்குத் தெரியும். விரலை மடக்க வேண்டும். அவ்வளவுதான். நாலு விரலை மடக்குவதை எந்தத் துப்பாக்கிக்காரனும் கண்டிருக்க மாட்டான். நான் உன் முதுகைப் பார்த்தேன். பிறகு நிலத்தைப் பார்த்தேன். கையை மூடவில்லை. நிமிர்ந்தபோது அவன் வெயிலின் நடுவில், அளந்து வைத்ததைப் போல நின்று, நாடியைத் தூக்கிக்கொண்டிருந்தான். முகம் அத்தனை தெளிவாகத் தெரிந்தது. தலையாட்டி தலையை ஆட்டினான்.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டு வாசலில் வைத்து நீ கேட்டாய். "மச்சான் எங்கப்பா?" நான் சொன்னேன், "ஆரோ காட்டிக் குடுத்திட்டான். நாம என்ன செய்யிற." அந்தப் பொய்யில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. யார் காட்டிக் கொடுத்தது என்பதைத்தான் சொல்லாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு உன் மாமியோடு நான் அலைந்ததெல்லாம் உனக்குத் தெரியும். முகாம் முகாமாகப் போனோம். மனுக்களை நான்தான் எழுதினேன். அவள் யோகனின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தது, கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று. ஒருநாள் வெயிலில் நின்று களைத்துப்போய் அவள் சொன்னாள், "அண்ணன், நீங்க மட்டும் அண்டைக்கு அவனுக்குக் கிட்ட இருந்திருந்தா அவன விட்டிருக்க மாட்டீங்க." நான் கிட்டத்தான் இருந்தேன். முப்பது அடி. சொல்ல வாயைத் திறந்தேன். அவள் தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். அவ்வளவு ஈனமான மனிதன் உன் அப்பா.

தொழிலிலும் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே லைற் போட எனக்குக் கை வரவில்லை. லைற்றுகளையெல்லாம் மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். நடிப்பவர்கள் வெறும் நிழலுருவாகத் தெரிவார்கள், முகம் இல்லை. சபை முறைப்பாடு செய்யும் என்று பார்த்தால், கொழும்பிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் மேடையேறி, காணாமற்போன ஒரு தலைமுறையை ஒளியால் எழுதியிருக்கிறார் என்று என்னைப் பற்றி அரைமணி நேரம் பேசிப் பொன்னாடை போர்த்திவிட்டார். நான் அதைப் போர்த்திக்கொண்டு நின்றேன். அந்தப் பொன்னாடையை உன் அம்மா கூறைச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள், பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் கண்ணில் படுகிறது.

அப்படியே ஏழு வருடம் ஓட்டினேன். போன மாதம் உன்னிச்சையிலிருந்து வந்து படிக்கிற ஒரு பிள்ளை, ஒத்திகை முடிந்ததும் சாடிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்களைப் போல ஐயா ஐயா என்று குழையவில்லை. "ஐயா, ரெண்டு வருசமா உங்களோட நாடகம் போடுறன். என்ட அம்மா வயலை விட்டிட்டு ரெண்டு பஸ் மாறி வந்து பாத்திட்டு, இதுக்குள்ள நீ எதுகா மனே எண்டு கேக்கிறா. என்ட மூஞ்சிய ஏன் மறைக்கிறீங்க? நான் என்ன பிழை செஞ்சன்?" என்றாள். அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. நான் செய்த பிழைக்கு ஏழு வருடமாக ஊரார் பிள்ளைகளின் முகங்களை இருட்டில் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்த நாள் ஒரு லைற்றை முன்னால் கொண்டுவந்து வைத்தேன். அவள் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

நீயும் வசந்தியும் விரும்புகிறீர்கள் என்று தெரிந்தபோது நான் தடுத்திருக்க வேண்டும், அல்லது அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. அதைவிடக் கேவலம், நான் சந்தோசப்பட்டேன். கனகத்தின் மகன் போன வீட்டுக்கு என் மகனைக் கொடுத்துவிட்டால் சாமி என்னைப் பேசாமல் விட்டுவிடும் என்று நினைத்தேன். நீ ஒரு பெண்ணை மனதார விரும்பியதை என் பாவத்துக்குப் பரிகாரமாக்கப் பார்த்தேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஏழு வருடமாகத் தெரியும். சொல்லிவிடுவோம் என்று நேற்று நான் எழும்பியபோது அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "இருக்கிற புள்ளயையும் துலைக்கப் போறீங்களா? அண்டைக்கு நீங்க கைய மூடியிருந்தா நம்மட புள்ளையத் திரும்பக் கூப்பிட்டிருப்பானுகள். உங்களக் கும்பிடுறன், இத விடுங்க." அவள் சொல்வதும் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. திரும்பவும் அந்த மைதானத்தில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் கையை மூடுவேனா என்று ஒவ்வொரு நாளும் என்னையே கேட்கிறேன். உன் முதுகு என் கண்ணுக்குத் தெரிந்தால் மூட மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. பெற்ற மனம் என்று சொல்லித் தப்பிக்கலாம். கனகமும் பெற்றவள்தான்.

முந்தநாள் மாமி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது பெண்ணின் சகோதரன்தானே செம்பில் தண்ணீர் எடுத்துக் காலைக் கழுவ வேண்டும், மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட வேண்டும். ஒன்றுவிட்ட தம்பி யாரையாவது நிறுத்தலாமே என்றேன். "வேற ஆரையும் விட மாட்டன் அண்ணன். செம்பும் தண்ணியும் அவன்ட படத்துக்கு முன்னால இரிக்கட்டும். மருமகன் தானாக் கழுவிக்கொண்டு வரட்டும். மோதிரத்தப் படத்தில கொழுவட்டும். அவன் வந்தாப் போட்டுக்குவான்," என்றாள். பிறகு, "நீங்க ஒரு வேல செய்யோணும். படத்துக்கு ஒரு லைற் போட்டு விடுங்க. வாற சனத்துக்கெல்லாம் அவன்ட முகம் தெரியோணும்," என்றாள்.

நேற்றுக் காலை வயரும் பல்பும் கொண்டுபோனேன். அது நாடகத்தில் எடுத்த படம். எந்தப் பக்கத்திலிருந்து லைற் போட்டாலும் கண்ணாடியில் பல்ப்தான் தெரிந்தது, அவன் தெரியவில்லை. கதிரையில் ஏறி, இறங்கி, பக்கவாட்டில் வைத்து, கடைசியில் சரிவந்தது. மாமி என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். "பாருங்க அண்ணன், நாடியத் தூக்கிக்கொண்டு நிக்கிறான். நீங்க பழக்கினது," என்றாள். அழுகை இல்லை, பெருமையாகத்தான் சொன்னாள். வசந்தி உள்ளே இருந்து தேத்தண்ணி கொண்டுவந்து, "மாமா, குடிங்க," என்றாள். நான் குறடும் வயரும் அங்கேயே கிடக்க வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள். நீ நிழலில் நின்றது என் சொல்லைக் கேட்டு. அதில் உனக்கு ஒரு பிழையும் இல்லை. உயிரோடு இருப்பதற்காக நீ யாரிடமும் தலைகுனியத் தேவையில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டும் மறைத்துத் தாலி கட்டினால் அது உன் பிழை ஆகிவிடும். என்றைக்காவது அவளுக்குத் தெரியவரும். அதற்குப் பிறகு அவள் உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் நின்ற வெயிலைத்தான் பார்ப்பாள். என்னுடைய பேச்சில்லாத வருடங்களை நான் உனக்குச் சீதனமாகத் தர மாட்டேன். நான் உனக்குப் புத்தி சொல்லத் தகுதியில்லாதவன். ஆனாலும் கெஞ்சுகிறேன், மகன். என்னைக் காப்பாற்ற வேண்டாம். உன் அம்மா உன்னிடம் அழுவாள், அவளைத் தேற்று, அவள் சொல்வதைக் கேட்காதே.

வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் கனகம் மாமியின் வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்று சொல்லப் போகிறேன். மாமியும் வசந்தியும் இரண்டு பேரும் இருக்க, கையைப் பற்றியதையும் சேர்த்து, ஒன்றும் விடாமல். நீ வந்தாலும் போவேன், வராவிட்டாலும் போவேன். மாமி என்னைச் செருப்பால் அடிக்கலாம். கல்யாணம் நின்றுபோகலாம். வசந்தி உன்னை இனிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவளிடம் ஒரு சொல் எதிர்த்துப் பேசாதே, அந்த உரிமை அவளுக்கு உண்டு. வியாழக்கிழமை பஸ்ஸைப் பிடித்தால் நீ நேரத்துக்கு வந்துவிடலாம். வா என்று நான் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தும் பேசியும் பிள்ளைகளுக்கு வழி காட்டியது போதும்.

ஒருவேளை வந்தால், அந்த முற்றத்தில் ஒரு பெரிய மாமரம் நிற்கிறது, காலையில் பாதி முற்றம் நிழல். என் முதுகுக்குப் பின்னால் போய் அந்த நிழலில் நிற்காதே. என் கையைப் பார்க்காதே. கன்னத்தில் சூடு படுகிற இடமாகப் பார்த்து நில். அவர்களுக்கு உன் முகம் தெரியட்டும்.

அப்பா